விதை எண்

பீடோங் பழைய கடைத்தெருவில்
ஆ ஹொக் இரும்புக்கடைக்கு மேல்மாடி, வாடகை மலிவு.
கீழே ஆணி, பெயிண்ட், புல்வெட்டும் கத்தி.
செம்பனைக் குலை லாரி போனால் மேசை நடுங்கும்.
மேலே நான்
ஒரு கோடி ஒளித்துகளை
ஒவ்வொன்றாகக் கொன்றுகொண்டிருக்கிறேன்.

கொல்வது என்பதுதான் சரியான சொல்.
படிகத்துக்குள் ஒரு காமாக் கதிர் முட்டினால்
பதினைந்தாயிரம் நீலத் துளிகள் தெறிக்கும்.
அத்தனைக்கும் முடிவு எழுத வேண்டும்:
இது ஓரத்தில் உரசி மடிந்தது,
இது பசையில் சிக்கியது,
இது ஒன்பது முறை சுவரில் மோதித் திரும்பி
கடைசியில் கண்ணைச் சேர்ந்தது.
கண் என்றால்
தபால்தலையில் பாதிகூட இல்லாத சிலிக்கான்.

நிஜப் படிகம் பினாங்கில், கறுப்புத் துணிக்குள்.
அதைச் சுற்றியிருப்பது
கீழே ஆ ஹொக் எண்பது காசுக்கு விற்கும்
அதே வெள்ளைக் குழாய் டேப்.
எத்தனை சுற்று என்று கேட்டேன்.
"மூன்று. இல்லை, நாலு," என்று எழுதினாள் ஹஸ்லினா.
அந்த ஒரு சுற்றில் போயிற்று
என் இரண்டு வாரம்.

ஒவ்வோர் ஓட்டத்துக்கும் ஒரு விதை எண் இட வேண்டும்.
தற்செயல் எல்லாம் அதிலிருந்துதான் முளைக்கும்.
இது எப்படியோ தெரு முழுக்கப் பரவிவிட்டது.
புதன், சனி, ஞாயிறு
மீ கோரெங் கடை தனபாக்கியம் அக்கா
படியில் பாதி ஏறி நின்று கூப்பிடுவார்:
"கம்ப்யூட்டர் இன்னைக்கு என்ன நம்பர் கொடுத்துச்சு?"
நான்தான் அதுக்குக் கொடுக்கிறேன் அக்கா.
"யாரு கொடுத்தா என்ன, நாலு எண்ணு சொல்லு."
4716 என்றேன்.
பஸ் தகட்டில் பார்த்தது.

சனி மாலை ஜெராய் மலைப்பக்கம் இடி.
எழுபது லட்சத்தில் மின்சாரம் போனது.
அக்கா டார்ச் அடித்துக்கொண்டு ஏறி வந்தார்.
"போன கணக்கு போனதுதானா?"
இல்லை. அதே விதையைப் போட்டால்
அதே துகள், அதே மூலையில், அதே மாதிரி சாகும்.
ஒன்றுகூடப் பிசகாது.
"அப்ப அதுக்குப் பேரு அதிர்ஷ்டம் இல்லியே," என்றார்.
"தலையெழுத்து."

வெளிச்சத்தைத் திரைமேல் அடித்துப் பார்த்தார்.
"உள்ள யாரைப் படுக்க வச்சிருக்கே?"
யாருமில்லை. ஓர் உருளை, அதில் தண்ணீர்.
அதுவும் எழுதிய தண்ணீர்தான்.

அடுத்த மாதம் பதினேழாம் தேதி
அப்படியொரு இயந்திரத்தில் தான் படுக்க வேண்டும் என்றார்.
கழுத்தில் கட்டி.
புளி விலை ஏறியதைச் சொல்வது போலச் சொன்னார்.

எனக்கு ஆறுதல் சொல்ல வராது.
படிகத்தைப் பற்றிப் பேசினேன்.
என் கணக்கும் பினாங்கின் அளவும்
மூன்று வாரமாய் ஒட்டவில்லை அக்கா.
அங்கே படுக்கை காலி,
எண்ணிக்கை மட்டும் ஏறிக்கொண்டே இருந்தது.
பழுது என்று நினைத்தோம்.
அப்புறம்தான் உறைத்தது,
படிகத்திலிருக்கும் லுட்டீசியமே தானாய்க் கசிகிறது.
அது பாதி தீரவே
மூவாயிரத்து எழுநூறு கோடி ஆண்டுக்கு மேல்.
பார்க்கிற கண்ணே கொஞ்சம் மினுங்கும்.
அதைக் கழித்துவிட்டுத்தான்
ஆளைப் பார்க்க வேண்டும்.

"எவ்வளவு கழிப்பே?"
அதைத்தான் எண்ணிக்கொண்டிருந்தேன்,
மின்சாரம் போகிற வரைக்கும்.

4716 வரவில்லை.
4761 விழுந்தது, ஆறுதல் பரிசு வரிசையில்.
ஞாயிறு முழுக்கத் திட்டு வாங்கினேன்.
ஒரு பொட்டலம் மீயும் வாங்கினேன், காசு வேண்டாம் என்றார்.

இரவு ஓட்டத்தை மறுபடி தொடங்குமுன்
உருளையின் விட்டத்தை
இருபதிலிருந்து பன்னிரண்டு சென்டிமீட்டராகக் குறைத்தேன்.
ஏன் என்று
அறிக்கையில் எழுதவில்லை.